ஏழு பேரின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, ஜனவரிக்கு இரண்டரை மாதம்: யாரை வைக்கலாம், யாரை விடலாம்?

கொட்டடி கோல்

வணக்கம். எங்கள் கணினி விளையாட்டு லீக்கில் இப்போது 2029 ஒக்டோபர் நடுப்பகுதி. நான் நடத்துவது இங்கிலாந்தின் பிரென்ற்ஃபோர்ட் கழகம். புதிதாகச் சேர்ந்த பொடியள் இருப்பதால் ஒரு வரி: கழகத்தை நிர்வகிக்கும் இந்த விளையாட்டின் புதிய பதிப்பான ஃபுட்போல் மனேஜர் 25ஐ 2025 பெப்ரவரியில் ரத்துச் செய்ததிலிருந்து நாங்கள் 24இலேயே நிற்கிறோம். பாதிப் பேரின் கணினிக்கு அதுவே தாராளம். வெள்ளி இரவில்தான் ஆட்டம்.

என் அணி இப்போது ஆறாம் இடம். பிரச்சினை ஆட்டத்தில் இல்லை, ஒப்பந்தத்தில். ஏழு பேருக்கு வரும் ஜூன் 30ஓடு முடிகிறது. இப்போதைய வாரச் சம்பளத்தையும், ஏஜென்ற் கேட்பதையும் எழுதுகிறேன்.

முன்கள வீரர், வயது 29: இப்போது 52,000 பவுண், கேட்பது 95,000. அதுவும் நான்கு ஆண்டுக்கு.
தற்காப்பு நடுக்களம், 30: 55,000, கேட்பது 60,000.
கோல் காப்பாளர், அணித்தலைவர், 33: 40,000, கேட்பது 45,000.
இடது விங்கர், 26: 35,000, கேட்பது 60,000.
இடது பின்களம், 25: 28,000, கேட்பது 40,000.
மாற்று வலது பின்களம், 28: 25,000, கேட்பது 28,000.
எங்கள் அக்கடமியில் வளர்ந்த நடுக்களப் பொடியன், 21: 9,000, கேட்பது 30,000.

சம்பள பட்ஜெட்டில் மிச்சம் இருப்பது வாரம் 40,000. ஜனவரி முதலாம் திகதி பிறந்ததும், ஒப்பந்தத்தில் ஆறு மாதமே மிச்சம் என்பதால், வெளிநாட்டுக் கழகங்கள் வந்து அவர்களோடு நேரே கதைக்கும். யாரை முதலில் பிடிக்கலாம்? ஒருவரைக்கூட விற்ற காசு இல்லாமல் சும்மா இழக்க மனம் இல்லை.

வலிகாமம் விங்கர்

மச்சான், நான் நடத்துவது இத்தாலியின் நாப்போலி என்பதை மறந்துபோனீரா? ஏழு பேரின் சம்பளத்தையும் விலாவாரியாகத் தந்ததற்கு நன்றி. அந்த முன்கள வீரரை ஜனவரி ஒன்றாம் திகதி காலையிலேயே வந்து சந்திக்கிறேன்.

நாவாந்துறை 10

தம்பி, ஜனவரியை எல்லாரும் காலக்கெடு என்று நினைக்கிறார்கள். உண்மையான காலக்கெடு போன ஓகஸ்ற் 31. அன்றைக்குத்தான் இவர்களில் எவரையும் நல்ல விலைக்கு விற்கக்கூடிய கடைசிக் கோடைச் சந்தை மூடியது. ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்: இவர் கையெழுத்து வைப்பாரா, இல்லாவிட்டால் இந்தக் கோடையிலேயே விற்கிறேனா? கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நன்றாகக் கனிந்த பிறகு திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி சொல்வதுதான் விலை.

ஆர்சனலைப் பாருங்கள். 2017 கோடையில் சான்செஸுக்கும் ஓசிலுக்கும் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம். ஓகஸ்ற் 31 அன்று மன்செஸ்ரர் சிற்றி சான்செஸுக்கு ஏறத்தாழ 60 மில்லியன் பவுண் தரத் தயாராக இருந்தது. மாற்றாக மொனாக்கோவின் லெமாரை எடுக்க முடியாததால் ஆர்சனல் கைவிட்டது. ஐந்து மாதம் கழித்து, 2018 ஜனவரியில், அதே சான்செஸை மன்செஸ்ரர் யுனைற்றெட்டுக்குக் கொடுத்து மிகிற்றாரியனை வாங்கினார்கள். கையில் காசாக ஒன்றும் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஒருவரை இழந்த பயத்தில் ஓசிலுக்கு வாரம் 350,000 பவுண் என்று செய்திகளில் வந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ராம்சேயின் முறை வந்தது. அவரோடு பேச்சு முறிந்து, 2019 பெப்ரவரியில் யுவென்ரசோடு முன் ஒப்பந்தம் செய்து, கோடையில் சும்மா போனார். ஒரு கோடையில் தள்ளிப்போட்டது மூன்று பேரின் கணக்கைக் குழப்பியது. சும்மா போனவரால் மட்டும் நட்டம் வருவதில்லை, பயந்துபோய் வைத்துக்கொண்டவராலும் வரும். உங்கள் அணியில் அந்த 95,000தான் ஓசில்.

பருத்தித்துறைப் பின்வரிசை

அண்ணை சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு டோர்ட்மண்டைப் பாருங்கள். 2013 கோடையில் லெவன்டோவ்ஸ்கியை பயேர்னுக்கு விற்க மறுத்தார்கள். அவர் கடைசி ஆண்டை முழுமையாக ஆடினார், 2014 ஜனவரியிலேயே பயேர்னோடு ஒப்பந்தம் செய்தார், ஜூலையில் சும்மா போனார். எல்லாரும் டோர்ட்மண்டைத் திட்டினார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் 20 கோலோடு புண்டஸ்லீகாவின் அதிக கோல் அடித்தவர். டோர்ட்மண்ட் இரண்டாம் இடம், ஜேர்மன் கிண்ண இறுதிப் போட்டி வரை போனது. அந்த ஓராண்டு ஆட்டத்துக்கும் ஒரு விலை உண்டுதானே?

லிவர்பூலும் அப்படித்தான். 2024–25 முழுவதும் சாலா, வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் மூவரும் கடைசி ஆண்டில். ரசிகர்கள் தலையில் கைவைத்தபடி இருந்தார்கள். கடைசியில் லீக்கை வென்றார்கள். சாலாவும் வான் டைக்கும் ஏப்ரலில் இரண்டு இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் மட்டும் போனார். அவருக்கும், கழக உலகக் கிண்ணத்துக்கு முன்னரே விடுவிக்கச் சொல்லி, றியல் மட்ரிட் ஒரு தொகை கொடுத்தது.

ஆறாம் இடத்தில் நிற்கிற அணி, ஜூனில் சும்மா போவார் என்ற ஒரே காரணத்துக்காக, கோல் அடிக்கிறவரை ஜனவரியில் விற்பது எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றால் வரும் காசையும் சேர்த்துப் பாருங்கள். என் ஆலோசனை: ஜூன் வரை ஆடவிடுங்கள், கைகொடுத்து அனுப்புங்கள்.

கொக்குவில் கணக்கு

இரண்டு பேரும் ஊர்க்கதை கதைக்கிறீர்கள், யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது ஏழு பேருக்கும் வாரம் 244,000. கேட்பதை எல்லாம் கொடுத்தால் 358,000. கூடுதல் 114,000. கையில் 40,000. ஆகவே “ஒருவரையும் இழக்க மனம் இல்லை” என்பது நடக்காத விஷயம், 74,000 துண்டு விழுகிறது. எப்படியும் ஒருவராவது போவார். அது யார் என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்களா, ஏஜென்ற்மார் முடிவெடுக்கிறார்களா என்பதுதான் மிச்சம்.

முதலில் விடவேண்டியவர் மாற்று வலது பின்களம். அவரைப் போன்றவர் எந்தச் சந்தையிலும் கிடைப்பார், அக்கடமியிலிருந்து ஒரு பொடியனை ஏற்றினாலும் சமாளிக்கலாம். அவர் விடுவிப்பது 25,000. அடுத்தவர் தற்காப்பு நடுக்களம். முப்பது வயதுக்கு மேல் இந்த விளையாட்டில் ஓட்டமும் முடுக்கமும் இறங்கத் தொடங்கும், அந்த இடத்துக்கு அவை இரண்டும் வேண்டும். அவர் 55,000 விடுவிப்பார். இப்போது கையில் 120,000.

பொடியனுக்குக் கேட்டதைக் கொடுங்கள்: கூடுதல் 21,000. விங்கருக்கும் கேட்டதைக் கொடுங்கள்: 25,000. இடது பின்களத்தை 36,000க்குப் பேசி முடியுங்கள்: 8,000. காப்பாளருக்கு அதே சம்பளத்தில் ஓராண்டு. மொத்தம் 54,000 போக மிச்சம் 66,000.

இதற்குள்தான் முன்கள வீரரும் வரவேண்டும், புதிய தற்காப்பு நடுக்களமும் வரவேண்டும். முன்கள வீரருக்கு 70,000 என்றால் புதியவருக்கு 48,000 இருக்கும், அதற்கு நல்ல ஆள் கிடைப்பார். 95,000 என்றால் 23,000தான். அதற்கு வருகிறவர் ஏறக்குறைய நீங்கள் விடப்போகிற மாற்று வலது பின்களத்தின் தரம்.

இன்னொன்று. உங்கள் அணியில் இப்போது அதிகம் வாங்குபவர் யார்? 55,000 என்றால், 95,000 வந்த அடுத்த நாளே மற்ற ஏஜென்ற்மார் கதவைத் தட்டுவார்கள். யாருடைய ஒப்பந்தத்திலாவது “அணியில் அதிகம் வாங்குபவருக்குச் சமமான சம்பளம்” என்ற விதி ஒளிந்திருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

கொட்டடி கோல்

அக்கா, பார்த்தேன். விங்கரின் பழைய ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்கிறது! எனக்கு முன் இந்த அணியை வைத்திருந்தவர் கொடுத்தது.

கொக்குவில் கணக்கு

அப்படியென்றால் முன்கள வீரரைத் தொட முன்னர் விங்கரின் புதிய ஒப்பந்தத்தை முடியுங்கள், அந்த விதியை எடுத்துவிட்டு. வரிசை மாறினால் ஒரே கையெழுத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் ஏறும்.

மானிப்பாய் மிட்ஃபீல்ட்

21 வயதுப் பொடியனைப் பற்றி ஒரு விளக்கம். அவர் சம்மதிக்காவிட்டாலும் எழுத்தில் ஒரு ஒப்பந்தத்தை நீட்டியே ஆகவேண்டும். இங்கிலாந்து விதிப்படி, 24 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் பழைய ஒப்பந்தத்தைவிடக் குறையாத புதிய ஒன்றைக் கழகம் கொடுத்து, அவர் அதை மறுத்து இன்னோர் இங்கிலாந்துக் கழகத்துக்குப் போனால் இழப்பீடு உண்டு. இரண்டு கழகமும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புக்குழு தொகையைச் சொல்லும். டனி இங்ஸ் 2015இல் பேர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போனபோது குழு விதித்தது 6.5 மில்லியன் பவுணும், மேலதிகமாக நிபந்தனைத் தொகைகளும். ஒப்பந்தமே நீட்டாமல் விட்டிருந்தால் பேர்ன்லிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

வெளிநாட்டுக்குப் போனால் கதை வேறு. ஃபீஃபாவின் பயிற்சி இழப்பீடு உண்டுதான், ஆனால் அது வளர்த்த செலவுக்கான கணக்கு, சந்தை விலை இல்லை. போக்பா 2012இல் மன்செஸ்ரர் யுனைற்றெட்டை விட்டு யுவென்ரஸ் போனபோது கிடைத்தது சில்லறை. 2016இல் அவரைத் திரும்ப வாங்க அதே கழகம் 89 மில்லியன் பவுண் கொடுத்தது. ஆகவே அந்தப் பொடியனுக்கு 30,000 என்பது இந்தப் பட்டியலிலேயே மலிவு. இதில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வலிகாமம் விங்கர்

பொடியனையும் நான் பார்த்துவைத்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே அக்கா.

ஸ்காபரோ சித்தப்பா

இங்கே இரவு இரண்டு மணி, நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

கனடாவில் என் மகன் என்.எஃப்.எல். விளையாட்டில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்போல் லீக்கில், இதே வேலையைச் செய்கிறான். அங்கே அணிக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற ஒருவரை ஆண்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் முத்திரை குத்தி ஓராண்டு பிடித்து வைக்கலாம். சம்பளம் சும்மா இல்லை: ஏறத்தாழ அந்த நிலையில் அதிகம் வாங்கும் ஐவரின் சராசரி, அல்லது அவருடைய பழைய சம்பளத்தின் 120 வீதம், எது கூடவோ அது. நம்முடைய உதைபந்தாட்டத்தில் அது இல்லை. 1995 டிசம்பர் 15 அன்று போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்துவைக்க ஐரோப்பாவில் எந்தக் கழகத்துக்கும் வழி இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கழகம் அவரைப் பிரான்சின் டங்கேர்க்குப் போகவிடாமல் மறித்ததில் தொடங்கிய வழக்கு.

அந்த முத்திரைக்குக் கிட்டத்தட்ட இங்கே இருப்பது “கழகத்தின் விருப்பப்படி ஓராண்டு நீட்டிப்பு” என்ற விதி. ஆனால் அதை ஒப்பந்தம் எழுதும்போதே போட்டிருக்க வேண்டும். டொட்டன்ஹாம் சொன் ஹியுங்-மின்னுக்குப் போட்டிருந்தது. 2025 ஜனவரியில் அதைப் பயன்படுத்தி 2026 வரை நீட்டினார்கள். அந்த மே மாதம் அவர் தலைமையில் யூரோப்பா லீக்கை வென்றார்கள், ஓகஸ்ற்றில் லொஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி.க்கு நல்ல காசுக்கு விற்றார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் 2025 ஜூனில் அவர் சும்மா போயிருப்பார்.

தம்பி, ஏழு பேரில் எவருடைய பழைய ஒப்பந்தத்திலாவது அந்த விதி இருக்கிறதா? இருந்தால் ஜனவரி வரை காத்திருக்காமல் அழுத்திவிடுங்கள்.

கொட்டடி கோல்

சித்தப்பா, இடது பின்களத்துக்கு இருக்கிறது! ஏஜென்ற் கேட்கிற 40,000ஐயே பார்த்துக்கொண்டிருந்ததில் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. அதே 28,000இல் ஓராண்டு.

நாவாந்துறை 10

அழுத்துங்கள். ஆனால் அது ஓராண்டு மூச்சு மட்டும். அவருக்கு 25 வயது, அடுத்த கோடையில் திரும்ப அதே இடத்தில் நிற்பீர்கள். டி ஹெயாவுக்கு யுனைற்றெட் 2018 நவம்பரில் அப்படித்தான் நீட்டியது, அடுத்த ஆண்டு பெரிய ஒப்பந்தம் கொடுத்தது, 2023இல் அவர் சும்மாதான் போனார். நீட்டித்துவிட்டு, வரும் கோடையில் புதிய ஒப்பந்தம் அல்லது விற்பனை. மூன்றாவது வழி வேண்டாம்.

லீக் பொறுப்பு

விதியை ஞாபகப்படுத்துகிறேன், போன பருவத்தில் இதனால் ஒரு கிழமை சண்டை நடந்தது. ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருக்கும் வீரரை வெளிநாட்டுக் கழகம் வைத்திருக்கும் எவரும் அணுகலாம். நண்பன், மச்சான், ஒரே ஒழுங்கை என்று விதிவிலக்கு இல்லை. இங்கிலாந்துக் கழகம் வைத்திருப்பவர் பருவம் முடியும் வரை பொறுக்க வேண்டும். ஜனவரி முதலாம் திகதி எல்லாரும் இணைப்பில் இருக்கும்போதுதான் நாளை நகர்த்துவோம். யார் வீட்டிலாவது கரண்ட் போனால் நிறுத்திவைப்போம். முந்திக்கொண்டு கையெழுத்து வாங்கினார் என்ற முறைப்பாடு இந்த முறை வரக்கூடாது.

வலிகாமம் விங்கர்

சரி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். முன்கள வீரருக்கு ஜனவரியில் 9 மில்லியன் பவுண் தருகிறேன். ஜூலையில் சும்மா வரக்கூடியவர், இருந்தும் தருகிறேன்.

பருத்தித்துறைப் பின்வரிசை

ஏன் தருகிறீர் என்பதையும் சொல்லும். ஜனவரி முதலாம் திகதி கதவு திறந்தால் நீர் மட்டும் உள்ளே வரமாட்டீர். கணினி நடத்துகிற பரிஸ் சென் ஜேர்மன் வரும், ஜேர்மன் கழகங்கள் வரும், எல்லாரும் சம்பளத்தை ஏற்றுவார்கள். இப்போது விலைகொடுத்து வாங்கினால் பேசுவதற்கு அவர் ஏஜென்ற் ஒருவர்தான். உமக்கு இத்தாலிய லீக்கான சீரி ஆவில் இரண்டாம் பாதிக்குக் கோல் அடிக்க ஆள் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். 9 மில்லியன் தர்மக்காசு இல்லை.

மானிப்பாய் மிட்ஃபீல்ட்

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஏஜென்றோடு எப்படிக் கதைக்கிறீர்கள் என்பதைப் பார்ப்போம். முதலிலேயே ஒப்பந்த மேசைக்குப் போகாதீர்கள். ஏஜென்றிடம் “என்ன எதிர்பார்க்கிறீர்கள்” என்று கேட்கும் வழி இருக்கிறது, அதில் வரும் தொகை ஒரு தொடக்கம்தான், கடைசி வார்த்தை இல்லை.

மேசையில் முதலில் பார்க்கவேண்டியது சம்பளம் இல்லை, ஆடும் நேரம். 95,000 கேட்பவர் “நட்சத்திர வீரர்” என்ற இடத்தைக் கேட்கிறார். “முக்கிய வீரர்” என்று ஒரு படி இறக்கிப் பாருங்கள், கேட்கும் தொகையும் இறங்கும். ஏஜென்ற் அதற்குச் சம்மதித்தால் அந்த வரியை இனி மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். பிறகு ஆண்டு. நான்கு ஆண்டு என்றால் 33 வயது வரை அந்தச் சம்பளம் உங்கள் தலையில். அவர் 31 ஆகும்போது எவரும் வாங்க வரமாட்டார்கள், அவரும் அந்தச் சம்பளத்தை விட்டுப் போகமாட்டார். இரண்டு ஆண்டும் கழக விருப்பத்தில் ஒன்றும் என்று கேளுங்கள்.

மூன்றாவதாகத்தான் காசு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, கோலுக்கு ஊக்கத்தொகை, ஆடிய ஆட்டத்துக்குத் தொகை என்று போடுங்கள். கோல் அடித்தால் கொடுக்க மனம் நோகாது, காயப்பட்டுக் கிடந்தால் கொடுக்கத் தேவையில்லை. “பருவத்துக்கு ஒருமுறை சம்பள உயர்வு” என்ற விதியை ஏஜென்ற்மார் சின்ன எழுத்தில் நுழைப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். அவர்கள் விடாப்பிடியாக நிற்கிற ஒன்றைக் கொடுக்கலாம்: கையெழுத்துத் தொகை. அது ஒருமுறைச் செலவு, வாரச் சம்பள பட்ஜெட்டை இழுக்காது. விடுவிப்புத் தொகை (அதைக் கட்டும் கழகத்துக்கு வீரரை விட்டே ஆகவேண்டும்) கேட்டால் 29 வயதுக்காரருக்குத் தாராளமாகப் போடலாம். பொடியனுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், விங்கர் அண்ணை அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லா வரியையும் பூட்டினால் ஏஜென்றின் பொறுமை போய் எழுந்து போய்விடுவார், பிறகு கொஞ்சக் காலத்துக்குக் கதைக்க மாட்டார். உங்களுக்கு இருப்பது இரண்டரை மாதம். ஒரு முறை கோபித்துக்கொண்டால் ஜனவரி வந்துவிடும்.

ஸ்காபரோ சித்தப்பா

தங்கச்சி இதை ஏதோ வங்கியில் கடன் எடுத்த அனுபவத்தில் எழுதுகிறாள் போல இருக்கிறது. அருமை.

பருத்தித்துறைப் பின்வரிசை

காப்பாளரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. 33 வயது, அணித்தலைவர், ஓராண்டு கொடுப்பது சரி. ஆனால் அந்த ஓராண்டுக்குள் அடுத்தவரை வாங்குங்கள். ஏ.சி. மிலான் 2021இல் டொன்னரும்மா கையெழுத்து வைக்கவில்லை என்றதும் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் முடிய முன்னரே, மே மாதத்தில், லீலிலிருந்து மஞ்ஞானை எடுத்தார்கள். டொன்னரும்மா பரிஸ் போனார், அடுத்த பருவம் மிலான் சீரி ஆ சம்பியன். ஒருவரைச் சும்மா விடுவதில் வெட்கம் இல்லை. அவர் இடத்துக்கு ஆள் இல்லாமல் ஜூலையில் சந்தையில் நிற்பதுதான் ஆபத்து. அதைத்தான் நான் முதலிலும் சொன்னேன், அண்ணைக்குக் கேட்கவில்லை.

நாவாந்துறை 10

கேட்டது. ஆனால் நீர் சொல்லும் மூன்று கழகமும் பணக்காரக் கழகங்கள். டோர்ட்மண்ட் ஒரு லெவன்டோவ்ஸ்கியைச் சும்மா விட்டுத் தாங்கும். மிலான் தாங்கும். பிரென்ற்ஃபோர்ட் போன்ற கழகம் வாங்கி, வளர்த்து, விற்றுத்தான் நிற்கிறது. உண்மையான பிரென்ற்ஃபோர்ட்டும் அப்படித்தான்: 2023 ஓகஸ்ற்றில் டேவிட் ராயாவுக்கு ஓராண்டுதான் மிச்சம் என்றபோது, நீட்டித்து, ஆர்சனலுக்கு இரவலாக அனுப்பி, அடுத்த கோடை அவர்கள் விலைக்கு வாங்கலாம் என்ற விருப்ப விதியையும் எழுதிவைத்தது. சும்மா போகவிடவில்லை. எந்தக் கழகத்தை வைத்திருக்கிறோம் என்று பார்த்துத்தான் கதைக்க வேண்டும்.

பருத்தித்துறைப் பின்வரிசை

அது நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ராயாவை அனுப்ப முன்னரே அவர்கள் ஃபிளெக்கனை வாங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்று ஆள் முதலில்.

கொட்டடி கோல்

வெள்ளி இரவு ஆட்டத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இப்போது டிசம்பர் இறுதி.

விங்கரை முதலில் முடித்தேன். 58,000, நான்கு ஆண்டு. அந்தச் சமச் சம்பள விதியை எடுக்க ஏஜென்ற் முதலில் மறுத்தார், கையெழுத்துத் தொகையைக் கூட்டியதும் இறங்கினார். பொடியன் 30,000, ஐந்து ஆண்டு, விடுவிப்புத் தொகை இல்லை. ஏஜென்ற் கேட்டார், நான் அந்த வரியை அழித்தேன், திரும்பக் கேட்கவில்லை. இடது பின்களத்துக்கு நீட்டிப்பை அழுத்தினேன். காப்பாளர் ஓராண்டுக்குச் சம்மதித்தார், ஆனால் ஆடும் நேரத்தில் “முதல் தெரிவு” என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த காப்பாளர் வந்தால் அதில் சண்டை வரும், அதை அப்போது பார்ப்போம். மாற்று வலது பின்களத்துக்கும் தற்காப்பு நடுக்களத்துக்கும் புதிய ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நடுக்களக்காரர் முகத்தைச் சுளித்தார், ஒரு கிழமை மனநிலை சிவப்பில் இருந்தது.

முன்கள வீரர்தான் முடியவில்லை. 70,000, கோலுக்கு ஊக்கத்தொகை, இரண்டு ஆண்டும் விருப்பத்தில் ஒன்றும் என்று போனேன். 82,000 வரை இறங்கினார், மூன்று ஆண்டுக்குக் கீழே வரமாட்டேன் என்றார். நானும் எழுந்துவிட்டேன். நாங்கள் இப்போது ஐந்தாம் இடம். அவர் இதுவரை 11 கோல்.

அக்காவின் கணக்கை இப்போதைய நிலவரத்துக்குத் திரும்பப் போட்டேன். விங்கரில் 23,000, பொடியனில் 21,000, மற்ற இருவருக்கும் ஏற்றம் இல்லை. 120,000இல் 76,000 மிச்சம். அவருக்கு 82,000 கொடுத்தாலும் 46,000 இருக்கிறது. கொடுக்க முடியாமல் இல்லை. 32 வயது வரை என்பதுதான் கொடுக்க விடவில்லை.

கொக்குவில் கணக்கு

கணக்குச் சரி. கொடுக்க வேண்டாம்.

வலிகாமம் விங்கர்

12 மில்லியன். கடைசி.

கொட்டடி கோல்

18.

வலிகாமம் விங்கர்

ஆறு மாதத்தில் சும்மா வருகிறவருக்கு 18ஆ? பகிடி விடாதேயும்.

கொட்டடி கோல்

பகிடி இல்லை. ஐந்தாம் இடம் எனக்கு 12 மில்லியனைவிடப் பெறுமதி. பின்வரிசை அண்ணை சொன்னபடி ஜூன் வரை ஆடட்டும். ஜனவரி முதலாம் திகதி நீரும் பரிஸும் அடிபட்டு எடுங்கள். எனக்கு ஜூலையில் ஒரு 22 வயது முன்கள வீரர் வருகிறார். போர்த்துக்கல்லில் அவருடைய ஒப்பந்தமும் ஜூனில்தான் முடிகிறது, அவரிடம் நானும் ஜனவரி ஒன்றில் போகிறேன். பெயர் சொல்லமாட்டேன்.

பருத்தித்துறைப் பின்வரிசை

ஆகா. இப்போதுதான் பொடியன் விளையாடத் தொடங்கியிருக்கிறான்.

நாவாந்துறை 10

இந்த முறை அப்படியே போகட்டும், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 2031 ஜூனில் முடிகிறவர்கள் யார் யார்? அவர்களுக்குக் காலக்கெடு வரும் ஓகஸ்ற். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் உங்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை வரமாட்டீர்கள், சந்தை மூடுகிற நேரமும் அதுவே. இப்போதே பாருங்கள்.

கொட்டடி கோல்

பார்த்துவிட்டேன் அண்ணை. நான்கு பேர். இடது பின்களமும் காப்பாளரும் நீட்டித்ததால் அதில் இருக்கிறார்கள். ஒரு நடுப் பின்களக்காரர், அவருக்கு ஜனவரியிலேயே புதிய ஒப்பந்தம் நீட்டுவேன். மற்றவர் வலது விங்கர், 27 வயது, கையெழுத்து வைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை என்று ஏஜென்ற் வெளிப்படையாகவே சொல்கிறார். அவரைக் கோடையில் விற்கிறேன்.

வலிகாமம் விங்கர்

வலது விங்கரா? என்ன விலை?